பழைய வீட்டில் கை வைக்கும்முன்: பாரம் எந்த வழியாக இறங்குகிறது?

நெல்லைப் பக்கம் கல்லிடைக்குறிச்சியில் ஓர் அக்ரகாரத்து வீடு. தெருவாசலில் நின்று பார்த்தால் புறவாசல் வரை ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும். வீட்டுக்காரரின் மகன் பெங்களூரில் இருக்கிறார். வருஷத்துக்கு இரண்டு தடவை குடும்பத்தோடு வந்து தங்க வேண்டும் என்று ஆசை. கூடத்துக்கும் அதற்கு அடுத்த அறைக்கும் நடுவில் உள்ள சுவரை எடுத்துவிட்டால் ஒரே பெரிய ஹாலாகக் கிடைக்குமே என்று கேட்டார். நான் அளவு நாடாவை விரித்துக்கொண்டிருந்தேன். எழுபது வயதைத் தாண்டிய கொத்தனார் ஒருவர் கூட வந்திருந்தார். அவர் மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், அந்தச் சொவர்ல கைய வச்சிராதிய. மேல உள்ள கட்டையெல்லாம் அது தலையிலதான் உக்காந்திருக்கு."

பழைய கட்டடத்தைப் புதுப்பிப்பதில் உள்ள சிக்கல் ஏறக்குறைய முழுவதும் அவர் சொன்னதற்குள் அடங்கிவிடுகிறது. எது எதன் தலையில் உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். புது வீடு என்றால் கையில் வரைபடம் இருக்கும், கம்பி அளவு இருக்கும், கட்டிய மேஸ்திரியைப் போனில் பிடிக்கலாம். நூறு வருஷத்து வீட்டுக்கு இவை எதுவும் கிடையாது. இடையில் மூன்று தலைமுறை, ஆளுக்கு ஒரு ஜன்னலை அடைத்து ஒரு வாசலைத் திறந்திருப்பார்கள். அத்தனைக்கும் அந்த வீடு தன்னைச் சரிக்கட்டிக்கொண்டு நிற்கிறது. நாம் ஒரு சுவரை எடுக்கும்போது, அல்லது ஒரு மாடியை ஏற்றும்போது, அந்தக் கணக்கைக் கலைக்கிறோம். கலைத்த பாரம் வேறு எந்த வழியாகத் தரைக்குப் போகும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால் வேலையைத் தொடங்கலாம்.

சுவர் சுமக்கும் வீடு

இன்று நாம் கட்டும் வீடுகளில் தளத்தின் எடை பீமுக்குப் போய், பீமிலிருந்து தூணுக்கு இறங்கி, தூண் வழியாக மண்ணுக்குப் போகிறது. நடுவில் உள்ள சுவர்கள் மறைப்பு மட்டுமே. ஒன்றை எடுத்தாலும் வீடு நிற்கும். பழைய வீடுகளில் இந்த மாதிரித் தூண், பீம் அமைப்பு கிடையாது. சுவர்தான் தூண், சுவர்தான் எல்லாம். கூரை சுவர்மேல் உட்காரும், சுவர் கல் அஸ்திவாரத்தின்மேல் உட்காரும். பூச்சு பூசி வெள்ளையடித்த பிறகு இரண்டு வகை வீடும் பார்க்க ஒன்று போலவே இருப்பதுதான் ஆபத்து. நூறு வருஷத்து வீடு என்றில்லை. பாளையங்கோட்டையில் நாற்பது, ஐம்பது வருஷத்துக்கு முன் கட்டிய கான்கிரீட் வீடுகளிலும் பலவற்றில் தூண் கிடையாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்மேல் நேரே தளம் போட்டிருப்பார்கள்.

எந்தச் சுவர் சுமக்கிறது என்று கண்டுபிடிக்க நம் ஊர் மட்டப்பா (தட்டையான பழைய கூரை) வீட்டில் ஒரு நல்ல வழி இருக்கிறது: அண்ணாந்து பார்ப்பது. கூரையின் அடியில் தேக்குக் கட்டைகள் வரிசையாகப் போகும். இன்ஜினியர்கள் இதை மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். கட்டைகளுக்கு மேலே அச்சுக்கல் எனப்படும் சிறிய மெல்லிய செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்தில் கோணவாக்கில் அடுக்கியிருப்பார்கள். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த ஒரு படுகை. கடுக்காய் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கிய படுகை அது. கடைசியில் தட்டோடு எனப்படும் தட்டையான ஓடு. கட்டைகள் எந்தத் திசையில் ஓடுகின்றனவோ, அவற்றின் இரண்டு முனைகளும் எந்தச் சுவர்களில் புதைந்திருக்கின்றனவோ, அவைதான் கூரையைச் சுமக்கும் சுவர்கள். கட்டைக்கு இணையாகப் போகும் சுவர் பெரும்பாலும் தன் எடையை மட்டும் சுமக்கும்.

பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். நாளாக நாளாகக் கட்டையும் தளமும் கொஞ்சம் தொய்யும். அப்படித் தொய்ந்த தளம், பின்னால் யாரோ எழுப்பிய நாலரை அங்குலத் தடுப்புச் சுவரின்மேல் மெல்ல வந்து சாய்ந்திருக்கும். தடுப்புதானே என்று அதை இடித்தால் அன்றைக்கே மேலே விரிசல் ஓடும்.

சுமக்கும் சுவர் இன்னொரு வேலையும் செய்கிறது. அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு கடுதாசியை நட்டக்குத்தலாக நிறுத்திப் பாருங்கள், விழுந்துவிடும். நடுவில் ஒரு மடிப்பு மடித்தால் நிற்கும். நீளச் சுவருக்குக் குறுக்குச் சுவர் அந்த மடிப்பைப் போன்றது. கூரையே உட்காராத சுவராக இருந்தாலும், அது பக்கத்துச் சுவரைச் சாயாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

ஒரு சுவரை எடுப்பது என்றால்

கல்லிடைக்குறிச்சி வீட்டுக்கு வருவோம். நாங்கள் எடுக்க நினைத்த சுவர் 12 அடி நீளம். இரண்டு பக்கத்திலிருந்தும் 10 அடிக் கட்டைகள் வந்து அதன்மேல் உட்கார்ந்திருந்தன. இப்பக்கத்துக் கட்டையின் எடையில் பாதி, அப்பக்கத்துக் கட்டையின் எடையில் பாதி, இந்தச் சுவருக்கு. ஆக 10 அடி அகலக் கூரையை அது சுமக்கிறது: 10 × 12 = 120 சதுர அடி. மட்டப்பாவின் எடையைச் சதுர அடிக்கு 30 கிலோ என்று வைத்தாலும் 3,600 கிலோ. ஒரு கோயில் யானையைக் கொண்டுவந்து அந்தச் சுவர்மேல் நிறுத்தியதற்குச் சமம். ஆள் நடமாட்டம், மழை நாளில் ஊறும் தண்ணீர், வடகம் காயப்போடும் அம்மாக்கள், இவர்கள் கணக்கு தனி.

சுவரை எடுத்தாலும் இந்த யானை எங்கேயும் போய்விடாது. சுவர் இருந்த இடத்தில் ஓர் இரும்பு உத்திரம் வர வேண்டும். அதுவரை அந்த எடையை யாராவது தாங்க வேண்டும். முதலில் சுவரின் இரண்டு பக்கமும், ஓர் எட்டுத் தள்ளி, கட்டைகளுக்கு அடியில் குறுக்காகப் பலகை கொடுத்து ஜாக்கி முட்டு நிறுத்த வேண்டும். முட்டு நிற்கும் தரையையும் பார்க்க வேண்டும். பழைய வீட்டுத் தரைக்கு அடியில் பெரும்பாலும் கொட்டி நிரப்பிய மண்தான். ஜாக்கியின் சின்னத் தட்டு அதில் இறங்கிவிடும். அதனால் அடியிலும் கனமான பலகை அவசியம். பிறகுதான் சுவரை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிப்பது. கடப்பாரையால் அடியில் குத்தித் தள்ளுவது தடையே தடை.

உத்திரம் என்பது ஆங்கில 'ஐ' எழுத்து வடிவ இரும்பு. ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு போல்ட்டால் இணைப்பது நல்லது. அதைவிட முக்கியம், உத்திரத்தின் இரண்டு முனைகள். இதுவரை 12 அடி நீளத்துக்குப் பரவி இறங்கிய எடை, இனி இரண்டே இரண்டு இடங்களில் இறங்கும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய செங்கல் அந்தக் குத்தலைத் தாங்காமல் நொறுங்கலாம். அதனால் முனைக்கு அடியில் கான்கிரீட் திண்டு போட்டு எடையைப் பரப்புகிறோம். அதற்கு அடியில் உள்ள அஸ்திவாரமும் அந்தக் கூடுதல் எடைக்குத் தகுந்ததா என்று குழி தோண்டிப் பார்க்கிறோம். தேவைப்பட்டால் முனைக்கு ஒரு புதுத் தூணே எழுப்ப வேண்டியிருக்கும். கடைசியாக, உத்திரத்துக்கும் கட்டைக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் இரும்பு ஆப்பு இறுக்கி, சுருங்காத சாந்து நிரப்பி, அது நன்றாக இறுகிய பிறகு முட்டுகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்துவது. இந்த ஆப்பை விட்டுவிட்டு முட்டை எடுத்தால், கூரை அந்த இடைவெளி அளவுக்கு இறங்கித்தான் உத்திரத்தைத் தொடும். அரை அங்குல இறக்கம் போதும், மேலே உள்ள படுகை முழுக்கப் பிளந்து அடுத்த மழையில் ஒழுக.

கட்டை முனைகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நடுக்கட்டை தேக்குப் பளபளப்போடு இருக்கும். சுவருக்குள் புதைந்த ஆறு அங்குலம்தான் முதலில் போகும். மேலே ஒழுகும் தண்ணீர் சுவருக்குள் இறங்கி அங்கே தங்கும், காற்றும் கிடையாது, கரையானுக்கு அதைவிட நல்ல இடம் வேறில்லை. ஸ்குரூ டிரைவரால் சுவரோரத்தில் குத்திப் பாருங்கள். தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'பொத்' என்று கேட்டால் உள்ளே உளுத்துவிட்டது. முழுக் கட்டையையும் மாற்ற வேண்டியதில்லை. நல்ல பாகத்துக்கு அடியில், சுவரை ஒட்டி, ஓர் இரும்பு உத்திரத்தைக் கொடுத்தால் கட்டை அதில் உட்கார்ந்துகொள்ளும்.

பொதுச்சுவர்

அக்ரகாரத்திலும் வளவுகளிலும் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர் இருக்கும். உங்கள் கட்டை இந்தப் பக்கத்திலிருந்து பாதிச் சுவர் வரை, பக்கத்து வீட்டுக் கட்டை அந்தப் பக்கத்திலிருந்து பாதிச் சுவர் வரை. இரண்டு வீடும் ஒன்றன்மேல் ஒன்று தோள் சாய்த்து நிற்கின்றன. உங்கள் வீட்டை முழுக்க இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட நினைத்தால், அந்தச் சுவருக்கு உங்கள் பக்கத்திலிருந்து கிடைத்த தாங்கல் போய்விடும். புது வீட்டுக்கு வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும்போது பொதுச்சுவரின் அஸ்திவாரத்துக்குக் கீழே போனால், பக்கத்து வீட்டின் காலடி மண் உங்கள் குழிக்குள் சரியும். அதனால் பொதுச்சுவரை ஒட்டிய இடத்தில் ஒரேயடியாக நீளக் குழி தோண்டக் கூடாது. மூன்று நான்கு அடித் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்றாகத் தோண்டி, கட்டி, இறுகிய பிறகு அடுத்தது.

வேலை தொடங்கும்முன் பக்கத்து வீட்டுக்குள் போய், அவர்கள் முன்னாலேயே ஏற்கெனவே உள்ள விரிசல்களைத் தேதியோடு போட்டோ எடுத்துவிடுங்கள். பின்னால் வரும் பல சண்டைகள் அதோடு நிற்கும்.

வளைவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொக்கிரகுளத்தில் 1843-ல் திறந்த சுலோசன முதலியார் பாலத்தைப் பாருங்கள். 11 வளைவுகள் வரிசையாகத் தாமிரபரணியைத் தாண்டுகின்றன. ஒவ்வொரு வளைவும் தன் இரண்டு பக்கத்தையும் வெளியே தள்ளும். நடுவில் உள்ள வளைவுகளின் தள்ளலை அடுத்த வளைவு எதிர்த்துப் பிடிக்கிறது. கடைசி வளைவைக் கரையில் உள்ள கனமான கட்டுமானம் பிடிக்கிறது. பழைய பள்ளிக்கூட வராந்தாக்களிலும் பங்களாக்களிலும் இதே மாதிரி வளைவு வரிசை உண்டு. காருக்கு வழி வேண்டும் என்று மூலையில் உள்ள பருத்த தூணை எடுத்தால், அந்த ஒரு வளைவோடு நிற்காது, வரிசையே நெகிழும்.

மாடி ஏற்றலாமா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். சீமை ஓட்டுக் கூரை, மரச்சட்டத்தோடு சேர்த்துச் சதுர அடிக்கு ஏறக்குறைய 6 கிலோ. ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் 29 கிலோ. ஓட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போடுகிறோம் என்றால் சுவர் தலையில் ஏறக்குறைய ஐந்து மடங்கு எடையை வைக்கிறோம். மட்டப்பாவை எடுத்துவிட்டுத் தளம் போட்டால் எடை அவ்வளவாக மாறாது, பழையதே கனமானதுதான். ஆனால் அதற்குமேல் ஒரு மாடி எழுப்பினால், பத்தடி உயர ஒன்பது அங்குலச் சுவர் ஒவ்வோர் அடி நீளத்துக்கும் 400 கிலோ கூட்டும். அப்புறம் அதன் கூரை, அதன்மேல் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒரு டன்.

இதைக் கீழே உள்ள சுவர் தாங்குமா என்பதற்குச் சுவரின் தடிமனை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. இரண்டடித் தடிமன் சுவரை மலை போல நம்பி வருவார்கள். துளை போட்டுப் பார்த்தால் வெளித்தோல் இரண்டும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல், நடுவில் மண்ணும் உடைகல்லும். மண் தண்ணீரில் இளகும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றோரத்து வீடுகளுக்குள் தண்ணீர் நின்றதே, அப்படி நனைந்த சுவர் ஒன்றில் மாடி ஏற்ற நினைப்பவர்கள் முதலில் அடிப்பாகத்தைத் திறந்து பார்ப்பதுதான் முறை.

மண்ணும் ஊருக்கு ஊர் வேறு. மானூர், கயத்தாறு பக்கம் கரிசல். மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், அதோடு மேலோட்டமான அஸ்திவாரமும் ஏறி இறங்கும். திசையன்விளை, உவரி பக்கம் தேரி மணல். அது உப்பாது, ஆனால் பக்கத்தில் தோண்டினால் சரசரவென்று ஓடிவிடும். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் ஆற்றோரத்தில் வண்டல். நூறு வருஷம் எடையில் அமுங்கி அமுங்கி அந்த மண் ஒரு நிலைக்கு வந்திருக்கும். பழைய வீட்டோடு ஒட்டி ஒரு புது அறை கட்டினால், புது அறை இனிமேல்தான் அமுங்க வேண்டும். இரண்டையும் பல் வைத்துப் பின்னிக் கட்டினால் சேர்ந்த இடத்தில் நட்டக்குத்தலாக விரிசல் வரும். ஓர் அங்குலம் இடைவெளி விட்டுத் தனித்தனியாக நிற்க விடுவதுதான் என் வழக்கம். இடைவெளியை மழை இறங்காமல் மூடினால் போதும்.

சுண்ணாம்புமேல் சிமெண்ட்

பழைய பூச்சு உதிர்கிறது, சிமெண்ட் பூசிவிடலாம் என்பார்கள். நல்ல எண்ணத்தில் செய்யும் இந்தக் காரியம் அந்த வீட்டுக்குப் பெரிய கெடுதல். சுண்ணாம்புப் பூச்சில் ஈரம் உள்ளே போகும், வெயிலில் வெளியேயும் வந்துவிடும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடும். தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள் மேலே மேலே ஏறும். உப்புப் பூத்துச் செங்கல் மாவாகும், மேலே உள்ள கட்டை முனைக்கும் ஈரம் போகும். நாலைந்து வருஷத்தில் சிமெண்ட் பலகை பலகையாகக் கழன்று விழும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும்.

சாந்து செங்கல்லைவிட மெத்தென்று இருக்க வேண்டும் என்பது பழைய கொத்தனார்கள் அறிந்த கணக்கு. வீடு கொஞ்சம் அசைந்தால் மெத்தென்ற சுண்ணாம்பு இணைப்புகளில் மயிரிழை விரிசல்களாக அது பிரிந்துபோகும். சின்ன விரிசலைச் சுண்ணாம்பு காலப்போக்கில் தானே அடைத்தும் கொள்ளும். இறுக்கமான சிமெண்டாக இருந்தால் செங்கல்லே உடையும். சுண்ணாம்புச் சாந்து அரைக்கத் தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்பது உண்மை. இருந்தாலும் தேடினால் கிடைப்பார்கள், தேடுவது வீண்போகாது.

இதற்கு நேர்மாறான நோய், கான்கிரீட் வீடுகளில் கம்பி துருப்பிடிப்பது. புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கும். காற்றில் உள்ள கரியமில வாயு வருஷக்கணக்கில் உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைக்கும். கடலோர ஊர்களில் உப்பும் சேர்ந்துகொள்ளும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அந்த அழுத்தத்தில் தளத்தின் அடிப்பூச்சு பெயர்ந்து விழும். அதைக் கொத்தனாரை வைத்து மறுபடி பூசுவது புண்ணின்மேல் துணி போர்த்துவதுதான். துருவைச் சுரண்டி, கம்பியின் தடிமன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளந்து, நிறையத் தேய்ந்திருந்தால் புதுக் கம்பி சேர்ப்பதைப் பற்றி இன்ஜினியரிடம் பேச வேண்டும்.

விரிசல் என்ன சொல்கிறது?

ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி சாய்வாக ஓடும் விரிசல், அஸ்திவாரத்தின் ஒரு பக்கம் இறங்குவதைச் சொல்கிறது. கான்கிரீட் தளத்துக்கு நேர் அடியில் படுக்கையாக ஓடும் கோடு, நம் ஊர் வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. அசிங்கமாகத் தெரியும், பெரும்பாலும் ஆபத்தில்லை. சுவர் நடுவில் வயிறு தள்ளி, பூச்சு வெடித்திருந்தால் அந்த அறையில் யாரையும் படுக்க வைக்காதீர்கள்.

விரிசல் பழையதா, இன்னும் வளர்கிறதா என்று தெரிந்துகொள்ளச் செலவில்லாத சோதனை ஒன்று. விரிசலுக்குக் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதி வையுங்கள். ஒரு கோடையும் ஓர் ஐப்பசி கார்த்திகை மழையும் கழியட்டும். கண்ணாடி உடைந்திருந்தால் வீடு இன்னும் நகர்கிறது, பூசி மறைப்பதற்குமுன் காரணத்தைத் தேட வேண்டும்.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐப்பசியில் கூரையைத் திறக்கக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனி, ஆடியில் கூரையை எடுப்பதும் அதே அளவு ஆபத்து என்று பலருக்குத் தெரியாது. கூரைதான் சுவரின் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் கை. அதை எடுத்துவிட்டு, பணகுடி, வள்ளியூர் பக்கத்துக் காற்றில் பதினைந்தடிச் சுவரைத் தனியே நிறுத்தினால் அது எந்த நேரமும் சாயலாம். 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளிக்கூடத்துக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று பிள்ளைகள் இறந்துபோனார்கள். அன்றிலிருந்து, கூரை இல்லாமல் நிற்கும் சுவர் எதுவானாலும் இரண்டு பக்கமும் சாய்முட்டுக் கொடுக்காமல் நிமிந்தாளை, அதாவது சித்தாளைக்கூட, அதன் அடியில் கல் பொறுக்க நான் விடுவதில்லை.

கல்லிடைக்குறிச்சி வீட்டில் சுவரை முழுக்க எடுக்கவில்லை. இரண்டு ஓரத்திலும் மூன்றடி சுவரை அப்படியே நிறுத்தி, நடுவில் ஆறடி மட்டும் திறந்தோம். அந்த மூன்றடித் துண்டுகள்தான் உத்திரத்தைத் தாங்குகின்றன, நீளச் சுவர்களையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. முட்டு தளர்த்திய அன்று கொத்தனார் ஒவ்வொரு ஜாக்கியையும் கால் சுற்று திருப்பிவிட்டு, மேலே பார்த்து, ஆப்பைத் தட்டி, அப்புறம்தான் அடுத்த ஜாக்கிக்குப் போனார். பன்னிரண்டு ஜாக்கிக்குக் காலையிலிருந்து மத்தியானம் வரை ஆனது. கூடத்தில் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் நான்கும் உடையாமல் இருந்தன.